செருப்பில்லாமல் வந்த பிள்ளை

அண்ணே,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் எழும்பி வந்து பத்து பெரிங்கிப் பக்கம் ஆட்களை வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த வருடம் அது. சுனாமி என்கிற சொல்லையே நாம் அப்போதுதான் கேள்விப்பட்டோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் பினாங்குச் சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரை மணலுக்குப் போகும். அதற்குப் பிறகு கடலைத் தூரத்தில் கண்டாலே பெண்கள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அலை வராத தண்ணீர், நாலு பக்கமும் சுவர் வைத்த தண்ணீர், அடி தெரிகிற தண்ணீர் போதும் என்று நீச்சல் குளத்துக்குத் திரும்பினார்கள். கெலுகோரில் நாம் இருவரும் வேலை பார்த்த அடுக்குமாடிக் குளத்தில் அந்த வருடம் கால் வைக்க இடமில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருடங்களை எண் போட்டு நினைத்துப் பழக்கமும் இல்லை. கடல் வந்த வருடம், அதற்கு அடுத்த வருடம். அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

இன்று அதைக் கிளறிவிட்டது என் கொள்ளுப்பேத்தியின் தலை. அவளுக்கு மூன்று வயது. செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார்கள். அங்கே போய்விட்டு வந்தவள் ஈரத் தலையோடு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். குளோரின் வாடை. நீங்கள் அதை மருந்து என்றுதான் சொல்வீர்கள். இருபது வருடமாக நான் அந்த வாடை அடிக்கிற பக்கம் போனதில்லை. என்னை அறியாமல் பிள்ளையைத் தள்ளி இறக்கிவிட்டேன். அவள் அழுதாள். என் மகள் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்து, "என்னப்பா, பச்சப் புள்ளைய ஏன் தள்றீங்க?" என்றாள். தாளும் பேனாவும் எடுத்து வா என்றேன். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். உங்களை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான்.

நீங்கள் குளத்தைக் கழுவுகிறவர். நான் குளத்துக் கேட்டில் காவல் நிற்கிற ஜாகா. துறைமுகத்தில் சரக்குப் படகுகளில் கிடந்து வளர்ந்தவர் நீங்கள். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்க்கத் தெரியும். நான் லோரியில் மூட்டை தூக்கியவன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மூச்சு முட்டும். ஆபீஸில் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். குளத்துக்குள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எழுத வேண்டும். எழுதத் தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும். மூன்று நாள் ஏதோ கோடு இழுத்து வைத்தேன். நாலாம் நாள் நீங்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தீர்கள்.

"தம்பி, இது என்ன, கோழி கிண்டி வச்சிருக்கு?"

"எழுதினதுதாண்ணே."

"எந்த ஊரு எழுத்து?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. வெளியே செருப்பு வைக்கிற ரேக்கைக் காட்டினீர்கள். ரோட்டு மண் தண்ணீரில் விழுந்தால் மருந்து வீணாகிறது என்று சொல்லிச் சொல்லி, கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிற பழக்கத்தை அந்தக் கட்டடத்துக்கே கொண்டு வந்தவர் நீங்கள்தான். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் கோயில் வாசல் போலக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

"புத்தகத்த இனிமே நான் எழுதுறேன். நீ செருப்ப எண்ணு. எத்தன சோடி வெளிய கிடக்குதோ அத்தன பேரு உள்ள. ரேக் காலியா இருந்தா உள்ள ஆள் இல்ல. புரியுதா?"

"புரியுதுண்ணே."

"ஆனா ஒண்ணு. ரேக் காலியா இருந்தாலும், பூட்டறதுக்கு முன்ன குளத்தச் சுத்தி ஒரு நட நடந்து அடியப் பாரு. செருப்பு மனுஷன் இல்ல."

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. என் எண்ணிக்கை ஒருநாளும் தப்பவில்லை. ஆபீஸில் என்னைப் பற்றி நல்ல பேர். அந்தப் பேர் உங்கள் கையெழுத்தால் வந்தது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் யாரையும் விட்டதில்லை. ஒரு நாள் ஓர் இளம் தகப்பன் நிழலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு வயதுப் பையன் கைகளில் காற்றடைத்த வளையத்தோடு ஆழம் குறைந்த பக்கத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தான். நீங்கள் வலைக்கம்பைச் சாத்தி வைத்துவிட்டுப் போனீர்கள்.

"சார், பேப்பர் நாளைக்கும் வரும்."

"அங்கிள், கையில ஃப்ளோட் போட்டிருக்கான்லா. மிதப்பான்."

"அது காத்தடைச்ச பிளாஸ்டிக் சார். பலூனு. பலூன நம்பியா புள்ளைய உட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"நீங்க என்ன லைஃப்கார்டா?"

"இல்ல சார். குளம் கழுவுறவன். பெரியவன் முங்கினா கத்துவான், கைய அடிப்பான். சின்னப்புள்ள முங்கினா ஒரு சத்தமும் வராது. நீங்க அடுத்த பக்கம் திருப்பறதுக்குள்ள முடிஞ்சிரும். கை எட்டற தூரத்துல நில்லுங்க. அதத் தாண்டிட்டா அது உங்க புள்ள இல்ல, தண்ணியோட புள்ள."

அவன் கோபத்தில் பேப்பரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். ஆனால் இறங்கினான். எட்டாம் மாடிச் சீனக் கிழவி பேரனோடு வருவாள். நீங்கள் அவளையும் விரட்டுவீர்கள். "லு பன்யாக் செரிவெட்லா, அண்ணே!" என்று, ரொம்பத்தான் கண்டிப்பு என்று, வைதுகொண்டே உங்களுக்குப் பால் இல்லாத கோப்பி-ஓ கட்டிக்கொண்டு வந்து தருவாள். இப்போது என் பேத்தி சொல்கிறாள், நீச்சல் வகுப்பிலும் அதையேதான் சொல்கிறார்களாம்: கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. உங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனது போல இருக்கிறது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் மாடியில் ஏதோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். குளத்து ஓரம் மேசை போட்டு மீ கோரெங், கேக் எல்லாம் வைத்திருந்தார்கள். ஏழு மணிக்குக் குளத்தை மூட வேண்டும். ஆறரைக்கே மலைப்பக்கம் கறுத்து இடி இடித்தது. இடி கேட்டால் எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்ற வேண்டும் என்பது சட்டம். நான் விசில் ஊதினேன். பெரிய தூறல் விழ ஆரம்பித்தது. ஆள் ஆளுக்கு ஓட்டம். ஒருத்தர் கேக்கைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தர் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு, பிள்ளைகள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் செருப்பு தேடினார்கள். நான் கேட்டுக் கூரைக்குக் கீழே நின்று ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சோடியாகக் குறைந்தது. கடைசியில் ஒரு சிவப்புச் செருப்பு. ஒரு பெண் பிள்ளை திரும்பி ஓடி வந்து அதையும் மாட்டிக்கொண்டு போனது. ரேக் காலி.

அந்தக் கூட்டத்தில் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஹரி என்று ஒரே பிள்ளை, இரண்டரை வயது. அவனை அவன் அம்மா லிஃப்டில் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தாள். வீட்டிலிருந்து நேராக இடுப்பு, இடுப்பிலிருந்து நேராகத் தண்ணீர். அவன் காலில் செருப்பு இல்லை. என் ரேக்கில் அவனுக்கு இடமே இல்லை. அவனை நான் எண்ணவே இல்லை அண்ணே.

மழை வந்ததும் அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டு மேலே ஓடினாள். பிள்ளை அப்பாவிடம் என்று நினைத்தாள். அப்பா நாற்காலிகளை மடக்கிக் காரில் வைக்க ஓடினான். தூக்கிக்கொண்டு வந்தவள் தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்தான்.

நான் கேட்டைச் சாத்தினேன். மருந்து கலக்கிக்கொண்டிருந்த நீங்கள் பம்ப் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினீர்கள். அந்த அறைக்கும் எனக்கும் ஒரே கூரை.

"எல்லாம் போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்கண்ணே."

"சுத்திப் பார்த்துட்டியா?"

"பார்த்தாச்சுண்ணே."

நான் பார்க்கவில்லை. மழையில் நனைய வேண்டுமே என்று கூரையை விட்டு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நீங்கள் என்னை ஒரு கண்ணிமைப்பு நேரம் பார்த்தீர்கள். பிறகு உள்ளே போய்விட்டீர்கள். நான் பூட்டுப் போட்டேன்.

இந்த இடத்தில் என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். "அப்பா, மாமாவ நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கேன். அம்மா சாவுக்கு வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கல நானு" என்கிறாள். எழுதும்மா என்றேன். இதையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஒரு சிகரெட் குடித்து முடிக்கிற நேரம். அந்தத் தாய் படியில் இறங்கி ஓடி வந்தாள். பின்னாலேயே புருஷன், கையில் கார்ச் சாவி. "ஹரி உங்ககிட்டதான இருந்தான்?" என்று அவள் கேட்கிறாள். "நீதான தூக்கிட்டுப் போன?" என்று அவன் கேட்கிறான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டை உலுக்கினார்கள். சாவி என் கையில் இருக்கிறது, பூட்டில் நுழையவில்லை. நீங்கள் பம்ப் அறையிலிருந்து வந்து வேலியில் ஏறி அந்தப் பக்கம் குதித்தீர்கள். மழை தண்ணீரைக் குத்திக் குத்திப் பொரிந்துகொண்டிருந்தது. மேலே நின்று பார்த்தால் அடி தெரியவில்லை. நீங்கள் அப்படியே பாய்ந்தீர்கள். ஆழம் குறைந்த பக்கம் இல்லை, நடுவில். முதல் முழுக்கில் வெறுங்கை. இரண்டாவதில் கொண்டு வந்தீர்கள்.

வாயோடு வாய் வைத்து ஊதினீர்கள். நெஞ்சை இரண்டு விரலால் அமுக்கினீர்கள். நான் அந்தத் தாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டால் தலை தரையில் மோதியிருக்கும். ஆம்புலன்ஸ் வருகிறவரை நீங்கள் நிறுத்தவில்லை. வந்தவர்கள் உங்களைத் தூக்கி விலக்க வேண்டியதாயிற்று. நீங்கள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து உங்கள் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அன்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஆபீஸில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். போலீஸ்காரர் ஒருவரும் இருந்தார். மூடுவதற்கு முன் குளத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியது யார் என்றார்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"என் வேலை சார். நான் பார்க்கல. ஜாகா என்னைக் கேட்டான், பார்த்துட்டேன்னு நான்தான் சொன்னேன். அதான் பூட்டினான்."

நான் சொன்ன பொய்யை உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

பத்து லஞ்சாங் இடுகாட்டில் பிள்ளையை அடக்கம் செய்தபோது, நீங்கள் உள்ளே வராமல் ரோட்டோரம் நின்றீர்கள். திரும்பி வந்த தகப்பன் உங்களைப் பார்த்துவிட்டான். நேராக வந்து அறைந்தான். "பார்த்தியாடா? ஒரு தடவ எட்டிப் பார்த்தியா?" என்று சட்டையைப் பிடித்தான். "பார்க்கல சார்" என்றீர்கள். மறுபடி அறைந்தான். நான் பக்கத்தில் நின்றேன். நான்தான் அவனைத் தடுத்து விலக்கினேன். அதற்கும் எல்லோரும் என்னை நல்ல மனிதன் என்றார்கள்.

உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீங்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்பக்கம் பிங்கான் தட்டு கழுவப் போனீர்கள். கை முழுக்கச் சோப்புப் புண். எனக்கு வேலை இருந்தது; குளத்தை விட்டு முன்வாசல் கேட்டுக்கு மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளையின் திதி வரும். அந்தத் தாய் ஆள் அனுப்புவாள். "அன்னிக்கு என்ன உழாமப் புடிச்சது நீங்கதான் அங்கிள், மொத இலையில நீங்கதான் உக்காரணும்" என்பாள். உட்கார்ந்தேன். இரண்டாம் வருடம் தைரியம் பண்ணி, "அவரையும் ஒரு வாட்டி கூப்பிடலாமேம்மா" என்றேன். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அந்த ஆளு பேர இங்க எடுக்காதீங்க அங்கிள். ஒரே ஒரு நட. அதுக்கு வணங்கலயே அந்த உடம்பு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். பாயசத்தை ஊற்றினாள். குடித்தேன்.

அன்று சாயந்திரம் நீங்கள் கேட்டீர்கள்: "அந்தம்மா எப்படி இருக்கு தம்பி? ஒழுங்கா சாப்புடுதா?"

"எளச்சுப் போச்சுண்ணே."

"ஹ்ம். நீ போறத நிறுத்திடாத. யாராச்சும் போகணும்."

நெஞ்சுச் சளி முற்றி நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன்; நர்ஸ் வருவாள், சாப்பாட்டு வண்டி வரும், மூடிக்கொள்வேன். ஒரு மத்தியானம் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"தம்பி, அன்னிக்கு நல்ல மழை."

"ஆமாண்ணே."

"உன் சட்டை காஞ்சிருந்துச்சு."

நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்.

"அப்பவே பார்த்தேன். சுத்தி நடந்தவன் சட்டை நனஞ்சிருக்கணும். பார்த்துட்டும் உள்ள போய்ட்டேன். மழன்னு எனக்கும் சோம்பல். நீ பொய் சொன்ன. நான் பொய்யின்னு தெரிஞ்சே கதவ சாத்தினேன். யாரு தப்பு பெருசுன்னு இத்தன வருசமா நிறுத்துப் பார்க்கறேன், ஒரு பக்கமும் இறங்க மாட்டேங்குது."

"நான் போய் அந்தம்மாகிட்ட சொல்லிடறேண்ணே. நாளைக்கே."

"இப்ப வேணாம். இப்ப சொன்னா அது எனக்காக நீ சொல்றது. நான் போனப்புறம் சொல்லு. அப்பதான் அது அந்தம்மாவுக்காக."

நீங்கள் போய்ப் பதினோரு தைப்பூசம் ஆகிவிட்டது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு இரதம் போன வருடங்களும் ஊரையே அடைத்துப்போட்ட நோயால் போகாத வருடங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதினோரு திதிச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் இலையில் உட்காரும்போது இந்த வருடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் பரிமாறுவாள். குழம்பு நன்றாக இருக்கும். எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிடுவேன். நான் கோழை அண்ணே. எழுத்துத் தெரியாதவன் என்பதை மறைத்தவன் எதையும் மறைப்பான் போலிருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் தெருவில் போகிறவர்களிடம்கூடச் சொல்வேன். வாளித் தண்ணீர் என்றாலும் பக்கத்தில் நில்லுங்கள், யார் பார்க்கிறார்கள் என்று வாயால் சொல்லிக் கை மாற்றுங்கள், நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வேன். கிழவன் புலம்புகிறான் என்பார்கள். சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. நான் தூக்கிக்கொண்டு திரிவது வேறு. பார்த்தாச்சு என்கிற ஒரே ஒரு சொல். அதை நான் சொன்ன குரல் உட்பட எனக்கு நினைவிருக்கிறது: சலிப்பாக, கொஞ்சம் அவசரமாக, வீட்டுக்குப் போகிற நினைப்பில்.

அடுத்த வாரம் திதி. இந்த முறை நான் இலையில் உட்காரப் போவதில்லை. வாசலில் நின்று இந்த மடலைக் கொடுக்கப் போகிறேன். என்னால் வாயால் சொல்ல முடியாமல் போனாலும் தாள் சொல்லும். அவள் என்னை அறையலாம். உங்களுக்கு விழுந்த அறைகளும் எனக்கு வர வேண்டியவைதான். அவள் ஒன்றுமே சொல்லாமல் கதவைச் சாத்தினால் அதையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். என் மகள் கூட வருவதாகச் சொல்கிறாள். வாசல் வரை வரட்டும்.

அன்று அந்தப் பிள்ளைமேல் கண் வைத்திருக்க வேண்டியவர்கள் நாலு பேர். நீங்கள் இல்லை. தகப்பனும் இல்லை, போன வருடம் தூக்கத்திலேயே நெஞ்சு நின்று போய்விட்டான், கடைசிவரை உங்களைத்தான் திட்டிக்கொண்டு போனான் என்று கேள்வி. நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்ல முடியாது, இருக்கிறவன் சொல்லியிருப்பான். என்னைக் கழித்துவிட்டால் மீதி ஒருத்தி. இத்தனை வருடத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்பேன், அவ்வளவுதான். மகள் உறையை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே யார் பேர் எழுதட்டும் என்று கேட்கிறாள்.

கல்யாணி.